சாம்பு ஏன் பொட்டுவின் மேல் பாய்ந்தான்? செம்பூர் வீட்டுப் பூனைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பதரை மணி. என் கால்நடை கிளினிக்கின் ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில் மும்பை செம்பூரிலிருந்து ஃபோன் வந்தது. பேசியவர் அந்த வீட்டு மகன். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு பூனை அடித்தொண்டையிலிருந்து இழுத்து இழுத்து உறுமுவது எனக்கே கேட்டது.

"டாக்டர், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கொன்னுடும் போல இருக்கு. பிரிக்கப் போன அம்மாவுக்குக் கையெல்லாம் ரத்தம்."

இரண்டையும் தனித்தனி அறையில் அடைத்தாயிற்றா என்று கேட்டேன். அடைத்துவிட்டார்கள். சரி, பூனைகள் அப்படியே இருக்கட்டும், இன்று இரவு யாரும் கதவைத் திறக்க வேண்டாம், முதலில் அம்மாவின் கையைக் குழாயடியில் பிடித்து சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "வீட்டுப் பூனைதானே டாக்டர், ஊசியெல்லாம் போட்டிருக்கோமே?"

போட்டிருக்கிறார்கள்தான். ஆனால் பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி மெல்லியது. ஆழமாக இறங்கும், மேலே தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும், பூனையின் வாயில் எப்போதும் இருக்கும் பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் அம்மாவின் வலது கட்டைவிரல் அடிப்பக்கம் வீங்கிச் சிவந்திருந்தது. மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், டெட்டனஸ் ஊசி போட்டார்கள், ரேபிஸ் தடுப்பூசியையும் தொடங்கினார்கள். முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலுக்குள் போடும் முறை. பூனைக்கடியைக் கீறல்தானே என்று விட்டுவிட்டு, கை முழங்கை வரை வீங்கிய பிறகு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பூனைகளின் கதைக்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

குடும்பத்தின் அனுமதியோடு எழுதும் ஆய்வு இது. வீட்டார் பெயர்கள் வேண்டாம். பூனைகளின் பெயரை மட்டும் அம்மா போடச் சொன்னார்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். செம்பூருக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. முதல் மாடியில் ஒரு பெட்ரூம், ஹால், கிச்சன். மொத்தம் 450 சதுர அடி. மகன், மருமகள், அம்மா, இரண்டு பூனைகள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், பில்டிங் பார்க்கிங்கில் ஸ்கூட்டருக்கு அடியில் தாயில்லாமல் நனைந்து கிடந்த ஒரே ஈற்றுக் குட்டிகள். சாம்பல் நிறக் கடுவனுக்கு சாம்பு என்று பெயர். வெள்ளை உடம்பும் நெற்றியில் கறுப்புப் புள்ளியுமாக இருந்த பெட்டைக்குப் பொட்டு. ஏழாவது மாதத்தில் இரண்டுக்கும் கருத்தடை ஆனது. சாம்பு 5.2 கிலோ, பொட்டு 3.4. ஐந்து வருடமும் பக்கத்துப் பக்கத்தில் சாப்பாடு, ஒரே பிரம்பு நாற்காலியில் தூக்கம். அம்மா ஃபோனில் காட்டிய படங்களில் எது யாருடைய வால் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று நடந்ததை மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இப்படிக் கேட்பது என் வழக்கம். ஒன்றாக உட்கார்ந்து சொன்னால் மூன்று பேர் பார்த்ததும் ஒரே கதையாகிவிடும்.

இரவு ஏழு மணி. சாம்பு ஹால் ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்தான். பொட்டு கீழே சோபாவின் கைப்பிடியில் படுத்திருந்தாள். கிச்சனில் மருமகள் கையிலிருந்து குக்கர் மூடி நழுவி விழுந்தது. சத்தம் கேட்டு சாம்பு திரும்பினான். முதுகு முடியும் வாலும் புடைத்திருந்தன. அடுத்த நொடி பொட்டுவின் மேல் இருந்தான். பொட்டு அலறிக்கொண்டு பெட்ரூமுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். மருமகள் கதவைச் சாத்தினார். இது முதல் சண்டை, பத்து நொடிகூட இருக்காது.

இரண்டாவது சண்டைதான் உண்மையான சேதத்தைச் செய்தது. ஒன்பது மணி வாக்கில் சாம்பு பார்ப்பதற்கு அமைதியாகிவிட்டான். மகன் நல்ல எண்ணத்தில் பொட்டுவைக் கட்டிலடியிலிருந்து இழுத்துத் தூக்கி வந்து, சாம்புவுக்கு எதிரில் இறக்கி, இரண்டு தலையையும் தடவிக்கொடுத்து சமாதானம் செய்யப் பார்த்தார். பொட்டு காதை மடக்கிப் பதுங்கிச் சீறினாள். சாம்பு பாய்ந்தான். நடுவில் கையை விட்டது அம்மா.

மகனை நான் குறை சொல்லவில்லை. பத்தில் ஒன்பது வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். மனிதர்களில் அண்ணன் தங்கை சண்டை என்றால் கையைப் பிடித்துச் சேர்த்துவைப்பது நம் பழக்கம். பூனை உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. ஒரு முறை உச்சத்துக்குப் போன பதற்றம் இறங்கச் சில மணி நேரம் ஆகும், சில பூனைகளுக்கு ஒன்றிரண்டு நாள்கூட ஆகும். வெளியே பார்த்தால் படுத்திருக்கும். கண்மணி மட்டும் விரிந்திருக்கும், வால் நுனி துடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எதிரே எது வந்தாலும் அதன் மேல்தான் போகும். அடிபட்ட பூனையோ இரண்டாம் முறை அடிபடும்போது ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு மற்றதைக் கண்டாலே பதுங்கும், சீறும். பதுங்கிச் சீறும் பூனையைக் கண்டால் முதல் பூனைக்கு மறுபடி ஏறும். சண்டையைத் தொடங்கிவைத்தது போய்விட்டாலும், இந்தச் சுற்று தானாகவே ஓடும்.

முதல் சண்டைக்குக் காரணம் என்ன என்பதில் வீட்டில் மூன்று கருத்து. மருமகள் குக்கர் மூடிதான் காரணம் என்று அழுதுகொண்டிருந்தார். மகனுக்கு சாம்புவுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்ற சந்தேகம். அம்மா சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: நான்கு நாளுக்கு முன் சாம்புவை மட்டும் தடுப்பூசிக்குக் கூட்டிப்போய் வந்தார்கள், அன்று பொட்டு அவனை முகர்ந்துவிட்டுச் சீறினாள்.

அம்மாவின் ஊகம் கெட்டிக்காரத்தனமானது. ஒரு வீட்டில் வாழும் பூனைகள் ஒன்றையொன்று கன்னத்தாலும் நெற்றியாலும் உரசி, நக்கி, ஒரு பொது வாசனையைச் செய்துகொள்கின்றன. அந்த வாசனைதான் அவற்றின் குடும்ப அட்டை. ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்பிரிட், நாய், வேறு மனிதர்கள் என்று எல்லா வாசனையோடும் திரும்பும் பூனையை, வீட்டில் இருந்த பூனை அந்நியன் என்று நினைத்துத் தாக்குவது உண்டு. ஆனால் அப்படி நடக்கும்போது பெரும்பாலும் தாக்குவது வீட்டிலிருந்த பூனை, வாங்கிக்கொள்வது வெளியே போய் வந்தது. இங்கே தலைகீழ். அதோடு, அன்று ராத்திரியே இரண்டும் அதே நாற்காலியில் படுத்திருந்தன. இடையில் நான்கு நாள் ஒரு தொந்தரவும் இல்லை. இந்தக் காரணத்தை நான் தள்ளிவைத்தேன், முழுவதும் அழித்துவிடவில்லை.

பரிசோதனை மேசையில்

திங்கட்கிழமை இரண்டையும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு கேரியரில் வரச் சொன்னேன். நன்றாகப் பழகிய பூனைகள் திடீரென்று அடித்துக்கொண்டால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும், பிறகுதான் மனசு. வலியை மறைப்பதில் பூனையை மிஞ்ச ஆள் இல்லை. மூட்டு, பல், சிறுநீர்ப்பை, வயதானவை என்றால் தைராய்டு, எதுவானாலும் பொறுமையின் அளவைக் குறைத்துவிடும்.

பொட்டுவின் வால் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பொருக்கு. முடியை ஒதுக்கி விரல் வைத்தேன்; சூடாக, மெத்தென்று இருந்தது. சீழ் கட்டத் தொடங்கியிருந்தது. கடிவாய் இருக்கும் இடம் எப்போதும் ஏதாவது சொல்லும். எதிர்த்து நின்று சண்டை போட்ட பூனைக்குக் காயம் முகத்திலும் முன்னங்காலிலும் இருக்கும். திரும்பி ஓடிய பூனைக்கு வாலடியிலும் தொடையிலும் இருக்கும். பொட்டுவுக்கு முகத்தில் ஒரு கீறல் இல்லை, சாம்புவின் உடம்பில் ஒரு காயம் இல்லை. அப்படியானால் இது இருவர் போட்ட சண்டையே அல்ல. ஒருவன் துரத்தினான், ஒருத்தி ஓடினாள். வீட்டில் எல்லோரும் "ரெண்டும் அடிச்சுக்குது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சை அன்றே மாற்றச் சொன்னேன், ஏனென்றால் யாருக்கு என்ன சிகிச்சை என்பது அதைப் பொறுத்தது.

சாம்புவின் ரத்தமும் சிறுநீரும் சரியாக இருந்தன. நடை சரி. வாயைத் திறந்து பார்த்தபோது கீழ்த்தாடையில் இடது பக்கம், கோரைப்பல்லுக்குப் பின்னால் வரும் முதல் பல்லின் அடியில் ஈறு சிவந்து பல்லின் மேல் ஏறியிருந்தது. பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டேன். தாடை படபடவென்று அடித்துக்கொண்டது. பூனைகளில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் பல் அரிப்பு நோய் இது. பல் தானாகவே கரைந்துபோகும், முதலில் மாட்டுவதும் பெரும்பாலும் இந்தப் பல்தான். வலி கடுமையானது. அடைக்க முடியாது, எடுக்கத்தான் வேண்டும். எக்ஸ்ரேயில் உறுதியானது.

"சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருந்தான்?" என்று மருமகள் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான். பல்வலியால் பட்டினி கிடக்கும் பூனை மிகக் குறைவு. ஒரு மாதமாக சாம்பு உலர் தீனியை ஒரு பக்கமாகவே மென்றான் என்பது யோசித்துப் பார்த்தபோதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது.

பல்லை எடுத்தாயிற்று, பொட்டுவின் கட்டியைக் கீறிச் சுத்தம் செய்தாயிற்று. கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம். ஆனால் பல் ஒரு மாதமாக வலித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஏன்? குக்கர் மூடி அந்த வீட்டில் முதல் தடவையா விழுகிறது?

ஜன்னல்

அந்த வார இறுதியில் நானே வீட்டுக்குப் போனேன். இப்படிப்பட்ட நிகழ்வுகளில் கிளினிக்கில் பாதிதான் தெரியும்.

உள்ளே நுழைந்ததுமே பினாயில் வாடை. சண்டை நடந்த நாளிலிருந்து அம்மா தினம் இரண்டு வேளை அதைப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தச் சண்டை வாடை போகட்டும்னுதாம்மா." உடனே நிறுத்தச் சொன்னேன். பினாயிலில் இருக்கும் பீனால் வகைகளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகும். இன்னொன்று, இரண்டு பூனைகளும் ஐந்து வருடமாகக் கதவு மூலையிலும் சோபாக் காலிலும் கன்னத்தை உரசி உரசி வைத்திருந்த வாசனை எல்லாம் போய்விட்டது. பதறிக் கிடக்கும் இரண்டு பூனைகளுக்கு வீடே அந்நியமாகிவிட்டது.

பினாயில் வாடைக்கு அடியில் வேறொரு நெடியும் இருந்தது. ஜன்னல் திரையின் கீழ்ப்பகுதியைத் தூக்கிப் பார்த்தேன். தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் மஞ்சளாக வழிந்து காய்ந்த கறை. உட்கார்ந்து பெய்த சிறுநீர் தரையில் தேங்கும். நின்று, வாலைத் தூக்கி, பின்பக்கமாகத் தெளித்தது இப்படிச் சுவரில் வழியும். சாம்பு எல்லை குறித்திருக்கிறான். கருத்தடை செய்த கடுவன்களில் சில, கடும் நெருக்கடி வந்தால் இதைச் செய்யும். உள்ளே இருக்கும் பொட்டுவிடம் எல்லை குறிப்பதற்கு ஜன்னல் எதற்கு?

கண்ணாடியைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தேன். சஜ்ஜா (சன்ஷேட்) மேல் ஏசியின் வெளிப்பெட்டி. அதன் மேல் படிந்திருந்த தூசியில் பூனைக் கால்தடங்கள். சாம்புவும் பொட்டுவும் வெளியே போவதில்லை, ஜன்னலுக்குப் புறா வலை அடித்திருக்கிறது.

மகனிடம் ஒரு பழைய ஃபோன் இருந்தது. சார்ஜரில் செருகி, திண்டு மேல் வைத்து, இரவு முழுதும் பதிவு செய்யச் சொன்னேன். பார்க்கிங் விளக்கின் வெளிச்சம் போதுமானதாக இருந்தது. முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் விடியற்காலை 4.50க்கு ஏசி பெட்டி மேல் ஒரு செவலைக் கடுவன் ஏறி வந்தான். தடித்த கன்னம், கிழிந்த காது, கருத்தடை ஆகாதவன். கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று உள்ளே முறைத்தான். பிறகு திரும்பிக்கொண்டு, வால் நடுங்க, ஜன்னல் சட்டத்தில் தெளித்தான். உள்ளே சாம்பு அசையவில்லை. ஆறு நிமிடம், ஒரே தாழ்ந்த ஊளை. செவலை இறங்கிப் போனான். சாம்பு திண்டிலிருந்து குதித்து, ஹாலைக் கடந்து, நேரே பெட்ரூம் கதவுக்குப் போய், கதவிடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் பொட்டு.

அந்தப் பதிவை நான் நான்கு முறை பார்த்தேன். எட்ட முடியாத எதிரியின் மேல் எழுந்த கோபமும் பயமும், எட்டுகிற தூரத்தில் இருப்பவள் மேல் திரும்பும் அந்தக் கணத்தை இவ்வளவு தெளிவாக ஒரு வீட்டிலிருந்து எனக்கு யாரும் காட்டியதில்லை. திசை மாறிய ஆக்ரோஷம் என்று இதைச் சொல்கிறோம். பார்சிலோனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-இல் இத்தகைய பூனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான சம்பவங்களைத் தூண்டியவை உரத்த சத்தமும் வேறு பூனைகளோடு ஏற்பட்ட மோதலும்தான். அந்த வெள்ளிக்கிழமை இரண்டுமே சேர்ந்து வந்திருக்கின்றன: கண்ணாடிக்கு வெளியே செவலை, முதுகுக்குப் பின்னால் குக்கர் மூடி. மூன்றாவதாக, வாயில் கரைந்துகொண்டிருந்த பல். மூன்றில் எது ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் அவன் திண்டிலிருந்து இறங்கிப் போயிருப்பான் என்றே நினைக்கிறேன்.

செவலை ஏன் திடீரென்று வந்தான் என்பதற்கு விடை வாட்ச்மேனிடம் கிடைத்தது. டிசம்பரில் பார்க்கிங்கில் பேவர் பிளாக் பதிக்கும் வேலை நடந்தது. அதுவரை பின்பக்கம் பம்ப் ரூம் அருகில் வைத்திருந்த தெருப்பூனைகளின் சாப்பாட்டுக் கிண்ணத்தை, இரண்டாம் மாடியில் இருப்பவர் இந்த ஜன்னலுக்கு நேர்கீழே மாற்றி வைத்திருக்கிறார். வேலை முடிந்த பிறகும் கிண்ணம் அங்கேயே இருந்துவிட்டது. ஒரு கிண்ணம் முப்பது அடி நகர்ந்ததில் ஒரு வீடு இரண்டாகிவிட்டது.

குடியிருப்பு சொசைட்டியில் சிலர் சாப்பாடு போடுவதையே நிறுத்தச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பசித்த பூனை காணாமல் போவதில்லை, இன்னும் நாலு ஜன்னல் ஏறும். சமூக விலங்குகளுக்கு, அதாவது யாருக்கும் சொந்தமில்லாமல் அக்கம்பக்கத்தில் வாழும் விலங்குகளுக்கு, உணவளிக்க இடம் குறிக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளே சொல்கின்றன. கிண்ணம் பழையபடி பம்ப் ரூம் பக்கம் போனது. தன்னார்வலர்கள் இருவர் கூண்டு வைத்து செவலையைப் பிடித்து, கருத்தடை செய்து, அடையாளத்துக்கு இடது காது நுனியை வெட்டி, அதே இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இரண்டாம் மாடிப் பெண்மணிதான் கூண்டுக்கு மத்தி மீன் வாங்கி வந்தார்.

ஒரு சாண், நாலு விரல்

இனிமேல்தான் மெதுவான பகுதி. 450 சதுர அடி வீட்டில் இரண்டு பூனைகளை வாரக்கணக்கில் பிரித்துவைப்பது லேசான காரியமல்ல. புத்தகத்தில் "தனி அறை" என்று எழுதிவிடலாம். இங்கே மூன்று பேர் தூங்குவதே இரண்டு அறையில். தச்சரை வைத்து, பெட்ரூம் வாசலுக்கு அளவாக மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து, தேவைப்படும்போது மாட்டிக் கழற்றும்படி ஒரு கதவு செய்தார்கள். 2,400 ரூபாய் ஆனது. அதன் மேல் அம்மாவின் பழைய கைத்தறிப் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினோம். ஜன்னலின் கீழ்ப்பாதி இரண்டரை அடிக்கு மங்கல் ஸ்டிக்கர் ஒட்டினோம். சிறுநீர்க் கறைகளை என்சைம் கிளீனரால் கழுவினோம். ஒன்றாக இருந்த லிட்டர் டிரே (பூனைகள் மலஜலம் கழிக்கும் மணல் தட்டு) மூன்றானது, தண்ணீர்க் கிண்ணமும் பக்கத்துக்கு ஒன்று.

முதல் வாரம் வாசனை மட்டும். சாம்புவின் கன்னத்தில் தேய்த்த பனியன் துணியைப் பொட்டுவின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் வைப்பது, பொட்டுவுடையதை சாம்புவின் தட்டுக்கு அடியில். தினம் ஒரு முறை அறை மாற்றம்: ஒருவரை ஒருவர் பார்க்காமல் இவன் அறைக்கு அவள், அவள் அறைக்கு இவன். பொட்டு முதல் மூன்று நாள் அந்தத் துணியைக் கண்டாலே தட்டை விட்டு நகர்ந்துவிட்டாள். துணியை ஒரு அடி தள்ளி வைக்கச் சொன்னேன். நான்காம் நாள் சாப்பிட்டாள்.

அடுத்து, மூடிய கதவுக்கு இருபுறமும் சாப்பாடு. ஆறு அடி தூரத்தில் தொடங்கி, நாளுக்கு ஒரு சாண் கிட்டே. வேகவைத்த கோழி இந்த நேரத்தில் மட்டும்தான் கிடைக்கும். பிறகு கம்பி வலை, புடவை முழுதும் இறக்கியபடி. பிறகு புடவை கீழிருந்து நாலு விரல் மேலே. இருவருக்கும் மற்றவரின் பாதம் மட்டும் தெரியும். அம்மா இதில் எங்கள் எல்லோரையும் விட நுட்பமானவராக இருந்தார். பொட்டுவின் காது பக்கவாட்டில் திரும்பத் தொடங்கும்போதே, சீறுவதற்கு முன்பே, "ஏளா, ஒண்ணுமில்ல, போதும் வா" என்று புடவையை இறக்கிவிடுவார். சீறிய பிறகு இறக்கினால் அந்த நாள் வீண். இதை நான் சொல்லித் தரவில்லை.

மருந்தும் கொடுத்தேன். பொட்டுவுக்கு முதல் இரண்டு வாரம் பயத்தைத் தணிக்கும் கபாபென்டின். சாம்பு கதவிடுக்கில் காவல் உட்காருவதை விடாததால் மூன்றாம் வாரத்தில் பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூஆக்ஸெடின். அதன் முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இவை மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்துகள்தான், ஆனால் அளவு வேறு, யாரும் தாமாகக் கொடுக்கக் கூடாது. இடையில் ஒரு நாள் மகன், சாம்புவுக்குப் பல் எடுத்த வலி இருந்தால் பாராசிட்டமால் கால் மாத்திரை தரலாமா என்று கேட்டார். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், கொஞ்சம் போனாலும் உயிர் போய்விடும். கேட்டாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பூனையின் கன்ன வாசனை போன்ற ஒன்றை அறையில் பரப்பும் செயற்கை ஃபெரமோன் டிஃப்யூசர் சில வீடுகளில் உதவுகிறது, சிலவற்றில் ஒன்றும் தெரிவதில்லை. இங்கே செலவைக் கம்பி வலைக்கும் பல்லுக்கும் வைத்துக்கொண்டோம்.

ஐந்தாம் வாரம் சறுக்கியது. புடவை பாதி உயர்ந்திருந்தது, இருவரும் வலைக்கு இரண்டு பக்கமும் இரண்டடி தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலிங் பெல் அடித்தது, கூரியர். சாம்பு துள்ளி எழுந்து வலையில் மோதினான். பொட்டு பீரோ மேல் ஏறி ராத்திரி வரை இறங்கவில்லை. அன்று மகன் எனக்கு ஃபோன் செய்து, "ஊர்ல பெரியம்மா வீட்டுக்குப் பொட்டுவை அனுப்பிடலாமா டாக்டர்? அவளாவது நிம்மதியா இருப்பா" என்றார். குரல் உடைந்திருந்தது.

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேர்மையாகத்தான் பதில் சொல்கிறேன். சில வீடுகளில் ஆறு மாதம் முயன்றும் சேராது. அப்போது ஒரு பூனைக்கு வேறு நல்ல வீடு பார்ப்பது பாவமில்லை. பயந்து பயந்து ஒரு அலமாரி மேல் வாழ்வதுதான் கொடுமை. ஆனால் இங்கே காரணம் தெரிந்திருக்கிறது, அதைச் சரிசெய்தும் விட்டோம். சாம்பு தொடர்ந்து வேட்டையாடவில்லை, சத்தத்துக்குத் துள்ளினான், அவ்வளவுதான். இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்றேன். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றிவிட்டு, புடவையை மறுபடி தரை வரை இறக்கி, முதலிலிருந்து தொடங்கினார்கள். பழைய நிலைக்கு வர ஒன்பது நாள் ஆனது.

பத்தாம் வாரம் முதல் தடவையாக வலை இல்லாமல், ஐந்து நிமிடம். சாம்பு அம்மாவிடம் சாப்பாட்டோடு, பொட்டு எட்டடி தள்ளி மருமகளோடு. நடுவில் தேவைப்பட்டால் இறக்க ஒரு பெரிய அட்டை. கையை நடுவில் விடக் கூடாது என்பது அந்த வீட்டில் இப்போது சட்டம். ஐந்து நிமிடம் பத்தாகி, அரை மணியாகி, பதினான்காம் வாரத்தில் பகல் முழுதும் திறந்தே விட்டார்கள். இரவில் மட்டும் இன்னும் இரண்டு மாதம் வலை. பரணுக்கும் பீரோவுக்கும் இடையில் இரண்டு பலகை அடித்து மேலே ஒரு பாதை போட்டுக் கொடுத்தோம். பொட்டு ஹாலைக் கடக்கத் தரையைத் தொட வேண்டியதில்லை. பயந்த பூனைக்கு உயரம் கிடைத்தால் பாதி பயம் குறையும். ஜூன் கடைசியில் ஃப்ளூஆக்ஸெடினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன்.

கடைசியாக ஆகஸ்டில் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. செவலை பம்ப் ரூம் படியில் கனமாகப் படுத்திருந்தான், என்னைக் கண்டு எழுந்திருக்கக்கூட இல்லை. மாடியில் பிரம்பு நாற்காலியில் சாம்பு மட்டும் இருந்தான். இரண்டும் ஒன்றாக அதில் இப்போது படுப்பதில்லை. அது திரும்பி வராமலும் போகலாம் என்று நான் அம்மாவிடம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தேன். பொட்டு சோபாவின் கைப்பிடியில் கண்ணை மூடியிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பு இறங்கி, வாலை நேராகத் தூக்கிக்கொண்டு அவள் மூக்குக்குக் கீழே நடந்து கிச்சனுக்குப் போனான். அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கம்பி வலைக் கதவு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா அதைத் தூக்கிப் போட விடவில்லை. சாம்புவையோ பொட்டுவையோ என்னிடம் கூட்டி வரும் ஒவ்வொரு முறையும், திரும்பிய பின் ஒரு நாள் அது வாசலில் மாட்டப்படுகிறது.